கீழே இறங்கும் எல்லாம்: கிர்கிஸ்தான் என்கிற மலைநாடு

குளிர்காலம் நெருங்கும்போதெல்லாம் கிர்கிஸ்தானில் எல்லோரும் ஒரு எண்ணைக் கவனிக்கத் தொடங்குவார்கள். டொக்டொகுல் நீர்த்தேக்கத்தில் இன்று எவ்வளவு தண்ணீர் இருக்கிறது? நிரம்பி வழிந்தால் 1,950 கோடி கனமீட்டர். 550 கோடிக்குக் கீழே போய்விட்டால் டர்பைனைச் சுழற்ற முடியாது. இந்த இரண்டு எண்களுக்கு நடுவில்தான் எழுபது லட்சம் பேரின் குளிர்காலம் இருக்கிறது. நாட்டின் மின்சாரத்தில் பெரும்பகுதி நீர்மின்சாரம். அதில் பாதிக்கு அருகே நரின் ஆற்றில் நிற்கும் டொக்டொகுல் நிலையத்திலிருந்தே வருகிறது. மத்திய ஆசியாவின் தண்ணீர்த் தொட்டி என்று பெயர் வாங்கிய நாடு, 2023 ஆகஸ்ட் முதல் 2026 இறுதிவரை எரிசக்தி நெருக்கடி நிலையை அறிவித்து வைத்திருக்கிறது. இந்த முரணைப் புரிந்துகொண்டால் கிர்கிஸ்தானின் பாதிக் கதை புரிந்துவிடும்.

அணையைக் கட்டியது சோவியத் அரசு. 1970-களில் கெட்மன் தோபே பள்ளத்தாக்கின் ஊர்களும் வயல்களும் தண்ணீருக்குள் போயின. ஜார் ஆட்சி சைபீரியாவுக்கு நாடு கடத்திய மக்கள் பாடகர் டொக்டொகுலின் பெயரை அணைக்கு வைத்தார்கள். ஆனால் அணை கட்டப்பட்டது கிர்கிஸ்களின் விளக்குக்காக அல்ல. கீழே உஸ்பெகிஸ்தானிலும் கஜகஸ்தானிலும் இருந்த பருத்திக்காக. கோடையில் தண்ணீரைத் திறந்துவிட வேண்டும். குளிர்காலத்தில் தேக்கி வைக்க வேண்டும். அப்படித் தேக்கும் மாதங்களில் உஸ்பெகிஸ்தானிலிருந்து எரிவாயுவும் கஜகஸ்தானிலிருந்து நிலக்கரியும் வரும். கணக்கு மாஸ்கோவில் இருந்தது. ஒரே வீட்டின் வரவு செலவு.

1991-இல் வீடு பிரிந்தது. எரிவாயுவுக்கு ரசீது வந்தது, அதுவும் சந்தை விலையில். கையில் காசில்லாத கிர்கிஸ்தான் குளிர்காலத்திலேயே அணையைத் திறந்து மின்சாரம் எடுத்தது. கீழே ஜனவரியில் வேண்டாத வெள்ளம், ஜூலையில் வேண்டிய தண்ணீர் இல்லை. 1998-இல் சிர் தரியா படுகை நாடுகள் ஒப்பந்தம் போட்டன, நிலைக்கவில்லை. 2001-இல் தண்ணீருக்குக் கட்டணம் கேட்கக் கிர்கிஸ்தான் சட்டமே இயற்றிப் பார்த்தது. ஆறு இயற்கையின் சொத்து, அதை யாரும் விற்க முடியாது என்றார்கள் கீழ்ப்புறத்தார். அந்த வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால், அடுத்தவர் வயலுக்காகத் தன் வீட்டை இருட்டாக வைத்துக்கொண்டு தண்ணீரைத் தேக்கிக் காப்பது ஒரு வேலை. அந்த வேலைக்குக் கூலி கேட்பது தவறு என்று எனக்குத் தோன்றவில்லை.

தண்ணீர் மட்டுமல்ல, இந்த நாட்டில் விலையுள்ளது எதுவும் மலையிலிருந்து கீழே இறங்கி வெளியே போய்விடுகிறது. பொன் போகிறது. பிள்ளைகள் போகிறார்கள். மேலே என்ன மிஞ்சுகிறது, அதை யார் ஆள்கிறார்கள் என்பதுதான் கிர்கிஸ்தானைப் பற்றிக் கேட்க வேண்டிய கேள்வி.

பரப்பளவு ஏறத்தாழ இரண்டு லட்சம் சதுர கிலோமீட்டர். வடக்கே கஜகஸ்தான், மேற்கே உஸ்பெகிஸ்தான், தெற்கே தஜிகிஸ்தான், கிழக்கே சீனா. எந்தப் பக்கம் போனாலும் கடல் இல்லை. கடலிலிருந்து மிகத் தொலைவில் கிடக்கும் நாடுகளில் இதுவும் ஒன்று. நிலத்தில் பத்தில் ஒன்பது பங்கு 1,500 மீட்டருக்கு மேலே. உழுது பயிரிடக்கூடிய நிலம் நூற்றுக்கு ஏழு பங்குதான். தியான்ஷான் மலைத்தொடரின் உச்சியான ஜெங்கிஷ் சொகுசு 7,439 மீட்டர். இத்தனை பனிக்கு நடுவே உறையாத ஏரி ஒன்று இருக்கிறது. இசிக்குல் என்றால் கிர்கிஸ் மொழியில் சூடான ஏரி. கடல்மட்டத்திலிருந்து 1,600 மீட்டர் உயரத்தில், 182 கிலோமீட்டர் நீளத்தில், 668 மீட்டர் ஆழத்தில் கிடக்கிறது. லேசான உப்புநீர். ஆறுகள் வந்து சேருமே தவிர, ஏரியிலிருந்து எதுவும் வெளியேறாது. இப்படிக் கீழே இறங்கிப் போகாத தண்ணீர் இந்த நாட்டில் அரிது. கி.பி. 630 வாக்கில் இந்தியாவை நோக்கி வந்த யுவான் சுவாங், தியான்ஷான் பனிக்கணவாயில் உடன் வந்தவர்கள் பலரைப் பறிகொடுத்துவிட்டு இந்தக் கரைக்கு வந்து சேர்ந்தார். இதை வெப்பக் கடல் என்று குறித்து வைத்தார். பின்னாளில் காஞ்சிபுரத்தைப் பற்றி எழுதியவரும் அவரே. சோவியத் காலத்தில் இந்த ஏரியில் கடற்படை டார்பிடோக்களைச் சோதித்துப் பார்த்தது. கடலில்லாத நாட்டுக்கு அப்படியொரு பங்கு.

நாட்டை வரைபடத்தில் பார்ப்பதைவிட, பிஷ்கெக்கிலிருந்து ஓஷுக்குப் போகும் சாலையில் பார்ப்பது நல்லது. அறுநூற்றுச் சொச்சம் கிலோமீட்டர். தலைநகரைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் சாலை கொண்டை ஊசி வளைவுகளாக ஏறும். 3,000 மீட்டருக்கு மேலே தோ அஷூ சுரங்கப்பாதை. லாரிப் புகை தங்கும் குறுகலான குகை. மறுபுறம் வெளியே வந்தால் சூசமிர் பள்ளத்தாக்கு, கண்ணுக்கு எட்டியவரை புல். கோடையில் சாலையோரமெங்கும் வெள்ளைக் கம்பளிக் கூடாரங்கள். குதிரைப் பாலைப் புளிக்கவைத்த கிமிஸை பிளாஸ்டிக் பாட்டில்களில் அடுக்கி வைத்திருப்பார்கள். தயிரை உப்பிட்டு உருட்டிக் காயவைத்த குருத், நூலில் கோத்த மணிபோலப் பைகளில் தொங்கும். பிறகு அலாபெல் கணவாய். பிறகு டொக்டொகுல் நீர்த்தேக்கத்தைச் சுற்றி நெடும்பாதை. பிறகு நரின் ஆற்றின் பச்சை நிறப் பள்ளம். கடைசியில் சமவெளி, வெக்கை, பருத்தி, முலாம்பழம். வடக்கையும் தெற்கையும் நேராக இணைக்கும் தலையாய சாலை இதுதான். பனிச்சரிவு வந்தால் நாடு இரண்டாகிவிடும். வடக்கின் ரயில் பாதைக்கும் தெற்கின் ரயில் பாதைக்கும் நாட்டுக்குள் இணைப்பே கிடையாது.

வடக்கு மேய்ச்சல் நிலம். ரஷ்ய மொழியும் ரஷ்யப் பழக்கமும் ஆழமாக ஊறிய பகுதி. தெற்கு ஃபெர்கானா சமவெளியைச் சேர்ந்தது. மசூதியும் சந்தையும் உழவும் பழைய பட்டுப்பாதை நகரங்களும் கொண்டது. ஓஷின் நடுவே நிற்கும் சுலைமான் தோ குன்றில் இளவயது பாபர் ஒரு சிறு வீடு கட்டிக்கொண்டார். அந்தக் குன்று 2009-இல் உலகப் பாரம்பரியச் சின்னமானது. மக்களில் கிர்கிஸ்கள் நான்கில் மூன்று பங்குக்கு மேல். உஸ்பெக்குகள் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு, பெரும்பாலும் தெற்கில். ரஷ்யர்கள் சுதந்திரத்தின்போது ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இருந்தார்கள். இப்போது நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவு.

கிர்கிஸ்கள் தங்களை நாற்பது குலங்களாக எண்ணுகிறார்கள். கொடியில் சூரியனுக்கு நாற்பது கதிர்கள். சூரியனுக்குள் இருக்கும் வலைபோன்ற வட்டம் துந்துக்: கூடாரத்தின் உச்சியில் புகை போகவும் வெளிச்சம் வரவும் விட்ட திறப்பின் மரச்சட்டம். வீட்டின் மற்றப் பாகங்கள் பழுதானாலும் தந்தையின் துந்துக் மகனுக்குப் போகும். இன்று அரசின் மின்னணுச் சேவைக்கும் அதே பெயர்தான். பிறப்புச் சான்றிதழ் கேட்கப் போகிறவரும் தாத்தாவின் கூரையைத்தான் கைபேசியில் தொடுகிறார். இவர்களின் காவியமான மனாஸை ஏட்டில் எழுதி வைக்காமல் தலைமுறை தலைமுறையாகப் பாடிக் காத்தார்கள். சயக்பாய் கரலாயெவ் என்ற ஒரு பாடகர் சொல்லச் சொல்ல எழுதியெடுத்த வடிவம் மட்டும் ஐந்து லட்சம் வரிகளைத் தாண்டுகிறது.

ரஷ்யப் பேரரசு 1876-இல் கோகந்த் கானரசை விழுங்கியபோது தெற்குக் கிர்கிஸ்களும் அதன் கீழ் வந்தார்கள். அலாய் மலைக்குடிகளின் தலைவியாக இருந்த குர்மான்ஜான் தத்கா, போரிட்டு அழிவதைவிடப் பணிந்து பிழைப்பதைத் தேர்ந்தார். அவர் முகம் இன்று 50 சோம் நோட்டில் இருக்கிறது. 1916-இல் ஜார் அரசு ஆண்களைப் போர்க்களப் பணிக்கு இழுத்தபோது வடக்கில் கலகம் வெடித்தது. தண்டனைப் படைகளுக்குப் பயந்து குடும்பம் குடும்பமாகச் சீனாவை நோக்கிப் பனிமலை ஏறினார்கள். வழியில் செத்தவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல் என்பது பலரும் ஒப்பும் மதிப்பீடு. உர்குன் என்று அதைச் சொல்கிறார்கள். மிரண்ட மந்தை சிதறியோடுவதற்கு அவர்கள் மொழியில் உள்ள சொல் அது.

சோவியத் ஆட்சியைப் பற்றி ஒரே சொல்லில் தீர்ப்பு எழுத முடியாது. பள்ளியும் மருத்துவமும் எழுத்தறிவும் அது கொடுத்தது, பெண்கள் படித்தார்கள். நாடோடிகளைக் கட்டாயமாக ஓரிடத்தில் உட்கார வைத்தது. எழுத்தை அரபியிலிருந்து லத்தீனுக்கும், லத்தீனிலிருந்து சிரிலிக்குக்கும் ஒரே தலைமுறைக்குள் மாற்றியது. இதன் இரண்டு பக்கங்களும் எழுத்தாளர் சிங்கிஸ் ஐத்மாத்தவ் வாழ்க்கையில் இருக்கின்றன. ஜமீலாவையும் முதல் ஆசிரியரையும் தமிழில் படித்து வளர்ந்த தலைமுறைக்கு அவரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. அவர் தந்தை டொரெகுல் கட்சியின் உயர்பொறுப்பாளர். 1938-இல் சுட்டுக் கொல்லப்பட்டார். உடல் எங்கே என்று ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் குடும்பத்துக்குத் தெரியாது. பிஷ்கெக்குக்குத் தெற்கே சோங் தாஷ் மலையடிவாரத்தில் பழைய செங்கல் சூளை ஒன்று இருந்தது. அதன் காவலாளி சாகும் தறுவாயில் மகளிடம் மட்டும் ரகசியத்தைச் சொன்னார். மகள் சோவியத் ஆட்சி ஓயும்வரை அதை மனதில் வைத்திருந்து 1991-இல் வெளியே சொன்னார். தோண்டியபோது 137 பேர். டொரெகுலின் பெயர் எழுதிய குற்றப்பத்திரிகைத் தாளும் கிடைத்தது. அந்த இடத்துக்கு ஐத்மாத்தவ் வைத்த பெயர் அதா பெயித், தந்தையரின் கல்லறை. 2008-இல் அவரையும் அங்கேயே புதைத்தார்கள். 2010 ஏப்ரலில் தெருவில் சுடப்பட்டவர்களில் பலரும் அங்கேதான் கிடக்கிறார்கள். 1916-க்கு நினைவுச்சின்னமும் அங்கேயே எழுந்தது.

அந்த 2010-க்கு வருவோம். சுதந்திர கிர்கிஸ்தானின் முதல் அதிபர் அஸ்கர் அகாயெவ் இயற்பியல் அறிஞர், வடக்கத்தியர். 1993-இல் மத்திய ஆசியாவிலேயே முதலில் ரூபிளை விட்டு வெளியேறிச் சொந்த நாணயமான சோமை வெளியிட்டார். 1998-இல், முன்னாள் சோவியத் நாடுகளிலேயே முதலாவதாக உலக வர்த்தக அமைப்பில் நாட்டைச் சேர்த்தார். ஜனநாயகத் தீவு என்று மேற்கு புகழ்ந்தது. பிறகு குடும்பமே ஆட்சியானது. 2005 மார்ச்சில் மக்கள் விரட்டினார்கள், மாஸ்கோவுக்குப் போனார். தெற்கிலிருந்து வந்த குர்மான்பெக் பக்கியெவ் அதையே இன்னும் கடுமையாகச் செய்தார். 2010 ஏப்ரல் 7-இல் பிஷ்கெக்கில் எண்பதுக்கும் மேற்பட்டோர் சுடப்பட்டு இறந்தார்கள். அவர் மின்ஸ்க் போய்ச் சேர்ந்தார். அந்த ஜூனில் ஓஷிலும் ஜலாலாபாத்திலும் கிர்கிஸ் உஸ்பெக் கலவரம். நானூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், பெரும்பாலோர் உஸ்பெக்குகள். ஆனால் சிறைக்குப் போனவர்களிலும் பெரும்பாலோர் உஸ்பெக்குகளே. நடந்ததைப் பதிவு செய்த மனித உரிமையாளர் அசிம்ஜான் அஸ்கரோவுக்கு ஆயுள் தண்டனை. 2020-இல் காவலிலேயே இறந்தார். இந்தக் கணக்கு இன்னும் தீர்க்கப்படவில்லை. தீர்க்கப்பட்டதுபோல நடந்துகொள்வது தெற்கில் வாழ்பவர்களுக்குச் செய்யும் அநீதி.

அந்த இருட்டிலும் ஒரு நல்லது நடந்தது. மத்திய ஆசியாவின் முதல் பெண் அதிபர் ரோசா ஒட்டுன்பாயெவா, அதிகாரத்தை நாடாளுமன்றத்துக்கு மாற்றும் அரசியல் சட்டத்தை நிறைவேற்றிவிட்டு, சொன்ன நாளில் பதவியை விட்டு இறங்கினார். அந்த வட்டாரத்தில் அதுவரை யாரும் அப்படிச் செய்ததில்லை. அடுத்து வடக்கத்தியரான அதம்பாயெவ், அவருக்குப் பின் தெற்கத்தியரான ஜீன்பெகோவ். முன்னவரைப் பின்னவர் சிறையில் போட்டார். 2020 அக்டோபரில் தேர்தல் மோசடிக்கு எதிராக மூன்றாவது எழுச்சி. சிறையிலிருந்து மீட்கப்பட்ட சடிர் ஜபரோவ் பத்தே நாளில் தற்காலிக அதிபரானார். 2021 ஜனவரியில் ஏறத்தாழ 79 சதவீத வாக்கில் வென்றார். அதே ஆண்டு புதிய அரசியல் சட்டம் அதிகாரத்தை மறுபடி அதிபரிடம் குவித்தது. ஜொகொர்கு கெனேஷ் என்னும் நாடாளுமன்றம் 120 இடங்களிலிருந்து 90-ஆகச் சுருங்கியது. 2024-இல் வெளிநாட்டு நிதி வாங்கும் தொண்டு அமைப்புகள் மீது கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. ஊழலைத் தோண்டிய செய்தியாளர்கள் சிறைக்குப் போனார்கள். அதிபரை விரட்டும் துணிவு இந்த மக்களுக்கு மூன்று முறை இருந்தது. அந்தத் துணிவு ஒரு முறையேனும் சுதந்திரமான நீதிமன்றமாகக் கெட்டிப்படவில்லை. சுற்றியுள்ள நாடுகளைவிட இங்கே மூச்சுவிட இடம் இருந்தது என்றால், வடக்கோ தெற்கோ தனியாக நாட்டை இறுக்கிப் பிடிக்க முடியாமல் மலை தடுத்தது என்பதும் அதற்குக் காரணம். இப்போது இருக்கும் அரசு அந்தப் பிடியை எட்டிவிட்டதுபோலத்தான் தெரிகிறது.

இந்த அரசு செய்த உருப்படியான காரியம் ஒன்றையும் சொல்ல வேண்டும். ஃபெர்கானாவைச் சுற்றிய எல்லைகள் சோவியத் காலத்தில் நிர்வாகக் கோடுகளாகத் தொடங்கியவை. தஜிகிஸ்தானின் வொரூக்கும் உஸ்பெகிஸ்தானின் சோக்கும் கிர்கிஸ் மண்ணுக்குள் தீவுகளாக மாட்டிக்கொண்டன. 2021 ஏப்ரலில் ஒரு வாய்க்கால் மதகில் கண்காணிப்புக் கேமரா வைத்ததில் தொடங்கிய தகராறு கிர்கிஸ் தஜிக் போராக மாறியது. 2022 செப்டம்பரில் இன்னும் பெரிதாக வெடித்து, ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர் வீட்டை விட்டு வெளியேறினார்கள். 2025 மார்ச் 13-இல் இரு அதிபர்களும் பிஷ்கெக்கில் எல்லை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். அதே மாத இறுதியில் உஸ்பெகிஸ்தானும் சேர, மூன்று நாடுகளும் கூடி, எல்லைகள் சந்திக்கும் புள்ளியையும் தீர்த்துக்கொண்டன. முப்பது ஆண்டு இழுத்த வழக்கு அது.

பொருளாதாரம் என்றால் முதலில் கும்தோர். 4,000 மீட்டர் உயரத்தில் 1997 முதல் பொன் எடுக்கும் சுரங்கம். சில ஆண்டுகளில் நாட்டின் மொத்த உற்பத்தியில் பத்தில் ஒரு பங்கு இந்த ஒரே குழியிலிருந்து வந்தது. 1998 மே மாதம் சோடியம் சயனைடு ஏற்றிச் சென்ற லாரி பர்ஸ்கோன் ஆற்றில் கவிழ்ந்தது. ஒன்றே முக்கால் டன் நஞ்சு இசிக்குலை நோக்கிப் போகும் தண்ணீரில் கலந்தது. குழியை விரிக்கப் பனியாறுகளையே வெட்டி அகற்றினார்கள். கனடா நிறுவனத்துடனான ஒப்பந்தம் ஆட்சிக்கு ஆட்சி திருத்தப்பட்டது. 2021-இல் அரசு சுரங்கத்தைக் கைப்பற்றி, 2022-இல் உடன்பாட்டின் மூலம் முழு உரிமையாளரானது. பொன் இப்போது நாட்டுக்குச் சொந்தம். வெட்டிய பனியாறு திரும்பி வராது.

இரண்டாவது, ஆள். ரஷ்யாவில் வேலை செய்யும் லட்சக்கணக்கான கிர்கிஸ்கள் அனுப்பும் பணம் பல ஆண்டுகள் தேசிய வருமானத்தில் ஏறத்தாழ முப்பது சதவீதம். உலகிலேயே மிக அதிகமான விகிதங்களில் ஒன்று. 2015-இல் யூரேசியப் பொருளாதார ஒன்றியத்தில் சேர்ந்ததால் வேலை அனுமதிக்கான அலைச்சல் குறைந்தது. 2024-இல் மாஸ்கோ இசையரங்கத் தாக்குதலுக்குப் பிறகு, வேலை தேடி வந்த வெளிநாட்டவர்கள் மேல் அங்கே கெடுபிடி கூடியது. தெற்குக் கிராமங்களில் தாத்தா பாட்டியிடம் வளரும் பிள்ளைகள் அப்பா அம்மாவைக் கைபேசித் திரையில் பார்க்கிறார்கள். சோவியத் கடைசிக் காலத்தில் ஏறத்தாழ ஒரு கோடி ஆடுகள் இருந்த நாடு. கூட்டுப்பண்ணைகள் கலைந்த 1990-களில் மந்தை பாதிக்கும் கீழே சரிந்தது. மேய்ப்பனின் மகன் மாஸ்கோவில் பனி தள்ளப் போனது அப்போது தொடங்கிய கதை.

மூன்றாவது, கைமாற்று வியாபாரம். பிஷ்கெக் ஓரத்து தோர்தோய் சந்தையில் கப்பல் கன்டெய்னர்களை இரண்டடுக்காக அடுக்கி வைத்திருக்கிறார்கள். கீழே கடை, மேலே கிடங்கு. கடலே பார்க்காத நாட்டில், கடலுக்காகச் செய்த பெட்டிகளில் ஒரு நகரம். சீனச் சரக்கு வந்து இறங்கி கஜகஸ்தானுக்கும் ரஷ்யாவுக்கும் போகும். 2022-க்குப் பிறகு ரஷ்யா மீது தடைகள் வந்தபோது இந்தப் பாதை பெருத்தது. 2024-இல் வளர்ச்சி 9 சதவீதம். விலையும் கொடுக்க வேண்டியிருந்தது: சில கிர்கிஸ் வங்கிகள் மேல் அமெரிக்காவும் பிரிட்டனும் தடை போட்டன. அடுத்த பெரிய நம்பிக்கை சீனா, கிர்கிஸ்தான், உஸ்பெகிஸ்தானை இணைக்கும் ரயில். காஷ்கரிலிருந்து தொருகர்த் கணவாய் வழியாக வரும் பாதையில் மக்மல் என்ற இடத்தில் சரக்கை இறக்கி அகல இருப்புப் பாதைக்கு மாற்றுவார்கள். 2024 டிசம்பரில் பணி தொடங்கியது. கூட்டு நிறுவனத்தில் 51 சதவீதம் சீனாவுடையது.

கல்வியும் ஒரு ஏற்றுமதியாகிவிட்டது. இந்தியாவிலிருந்து பல ஆயிரம் மாணவர்கள் பிஷ்கெக்கிலும் ஓஷிலும் மருத்துவம் படிக்கிறார்கள். நீட் மதிப்பெண் போதாமலோ உள்நாட்டுக் கட்டணம் தாங்காமலோ போன தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் அவர்களில் இருக்கிறார்கள். 2024 மே 17 இரவு பிஷ்கெக்கில் ஒரு கும்பல் வெளிநாட்டு மாணவர் விடுதிகளுக்குள் புகுந்து அடித்தது. வேலையில்லாத உள்ளூர் இளைஞர்களின் கோபம் யார் மேல் இறங்குகிறது என்பதை அந்த இரவு காட்டியது.

பெண்களைப் பற்றி எழுதாமல் மக்களைப் பற்றி எழுதியதாகச் சொல்ல முடியாது. அலா கச்சூ என்றால் பிடித்துக்கொண்டு ஓடுவது. பெண்ணைத் தூக்கிப் போய்க் கட்டாயமாக மணப்பது. 2013-இல் தண்டனையைப் பத்தாண்டுவரை உயர்த்தினார்கள். ஆனாலும் 2018-இலும் 2021-இலும் கடத்தப்பட்ட இளம்பெண்கள் கொல்லப்பட்டார்கள். முதல் கொலை காவல் நிலையத்துக்குள்ளேயே நடந்தது. இதை மரபு என்று சொல்லிக் காப்பாற்றுகிறவர்கள், குர்மான்ஜான் தத்காவின் படத்தை நோட்டில் அச்சிட்டவர்களும்தான்.

மறுபடி தண்ணீருக்கு. டொக்டொகுலுக்கு மேலே நரின் ஆற்றில் கம்பர் அதா 1 என்ற அணைக்கு 1980-களில் தோண்டத் தொடங்கி, சோவியத் சரிவோடு கைவிட்டார்கள். உயரம் 256 மீட்டர், திறன் 1,860 மெகாவாட். ஒரு காலத்தில் இதைக் கடுமையாக எதிர்த்த உஸ்பெகிஸ்தான், 2023 ஜனவரியில் கஜகஸ்தானோடு சேர்ந்து இதில் பங்காளியாகக் கையெழுத்திட்டது. இதற்கிடையே குளிர்காலத்தில் அண்டை நாடுகளிலிருந்து மின்சாரம் வாங்கிக்கொண்டு கோடையில் திருப்பித் தரும் ஏற்பாடும் நடக்கிறது. மாஸ்கோவின் பழைய ஒரே வீட்டுக் கணக்கை மூன்று வீட்டார் உட்கார்ந்து பேசி மறுபடி எழுதுகிறார்கள், இந்த முறை ரசீதோடு. அணை எழப் பல ஆண்டுகள் ஆகும். ஆற்றுக்குத் தண்ணீர் தரும் பனியாறுகளோ ஆண்டுக்கு ஆண்டு பின்வாங்குகின்றன. அதுவரை மாலை வேளையில் மின்சாரத்தைக் குறைத்துப் பயன்படுத்தும்படி அரசு கேட்டுக்கொள்ளும். பிஷ்கெக் வீடுகளில் நிலக்கரி எரியும். நகரத்தின் மேல் புகை தங்கும். ஏப்ரலில் மேலே பனி இளகத் தொடங்கும்போது டொக்டொகுல் எண் மெல்ல ஏறத் தொடங்கும்.